உதாரண வாக்கியங்கள்

அன்னூர்
3-10-94

என் கண்ணு அன்புக்கரசிக்கு,

அம்மா எழுதறேன். நானும் நம்ம ஆடு மூணும் நல்லா இருக்கறோம். நீயும் மாப்பிள்ளையும் சம்மந்தியம்மாவும் சௌக்கியமா இருக்கோணும்னு மாரியாத்தாளை வேண்டிக்கறேன். கண்ணாலம் முடிஞ்சு அஞ்சு வாரமாச்சு, ஒரு கடுதாசி உண்டா உங்கிட்டிருந்து? சிங்காநல்லூர் என்ன சிங்கப்பூர்லயா இருக்குது? ரெண்டு பஸ் மாறுனா வந்துறலாம். பெத்தவ ஒருத்தி இருக்கறான்னு ஞாபகம் இருக்கட்டும் அம்மணி.

சேதி ஒண்ணு இருக்குது. எங்க சத்துணவுக் கூடத்து அமைப்பாளரம்மா அடுத்த வருசம் ரிட்டயர் ஆகறாங்க. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா அந்த வேலைக்கு நானே எழுதிப்போடலாமாம். பன்னண்டு வருசமா அண்டா கழுவுன கைக்கு ரிஜிஸ்டர் எழுதற வேலை வந்தா கசக்குமா? நாம ரெண்டு பேரும் ஒரே வருசம் பத்தாவது எழுதுனமே, ஊரே சிரிச்சுதே, நெனப்பிருக்கா? நீ இங்கிலீஷ்ல எம்பத்தெட்டு, நானு பதினெட்டு. மத்ததெல்லாந்தான் பாஸ் பண்ணிப்போட்டனே, இந்த ஒண்ணு மட்டும் முள்ளு மாதிரி நிக்குது.

மார்ச்சு ஏப்ரல்ல திரும்ப எழுதலாம்னு எட்மாஸ்டர் சொல்றாரு. நீ காலேஜுல ரெண்டு வருசம் இங்கிலீஷ்தானே படிச்சே. கடுதாசியிலயே பாடம் எழுதிப்போடு. மேல இங்கிலீஷ் எழுத்து, அடியில அதையே தமிழ் எழுத்துல எழுது. நானு அப்பிடியே மனப்பாடம் பண்ணிக்கறேன்.

உடனே பதில் போடோணும்.

உன் அம்மா
பாவாத்தாள்


சிங்காநல்லூர்
14-10-94

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தைதான் தபாலை வாங்கிப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்கள். சிங்கப்பூர் கேலியைப் படித்துச் சிரித்தார்கள். இந்தக் கடிதத்தையும் பார்த்துவிட்டு அவர்களே பெட்டியில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். நான் இங்கு நன்றாக இருக்கிறேன். அவருக்குப் பம்ப் கம்பெனியில் காலை ஷிஃப்ட். நான்கரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

நீங்கள் பரீட்சை எழுதப்போவது எனக்கு அவ்வளவு சந்தோஷம் அம்மா. ஒப்பிட்டுச் சொல்லும் வாக்கியத்திலிருந்து ஆரம்பிப்போம். ஐந்து மார்க் நிச்சயம் வரும். மூன்று படி இருக்கிறது. ஒன்றைப் பற்றி மட்டும் சொன்னால் டால், உயரம். இரண்டை ஒப்பிட்டால் அதற்கு ஒரு வால் முளைக்கும்: டாலர். பின்னால் 'தேன்' என்று வரும். எல்லாவற்றையும் விட என்றால் வேறு வால்: டாலஸ்ட். முன்னால் 'தி' போட வேண்டும். சில வார்த்தைகள் அடங்காது. குட், பெட்டர், பெஸ்ட் என்று வேஷமே மாறிவிடும். அவற்றை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யுங்கள்.

தி எலிபன்ட் இஸ் பிக்கர் தேன் தி கௌ.
தி எலிபன்ட் இஸ் தி பிக்கஸ்ட் அனிமல்.

அத்தைக்கு இதை வாய்விட்டுப் படித்தாலே சிரிப்பு வருகிறதாம். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது.

உங்கள் மகள்
அன்பு


அன்னூர்
22-10-94

தங்கமே அன்பு,

பாடம் வந்துது. அதென்ன, நடுவுல நடுவுல தேன் தேன்னு எழுதியிருக்கே, இனிக்கவே காணமே? அண்டா கழுவறப்பவும் பருப்பு வேகறப்பவும் சொல்லிச் சொல்லி ரெண்டு வாக்கியமும் வாயில ஏறிப்போச்சு. கூட வேலை செய்யற பக்ருன்னிசா, 'ஏனுங்க பாவாத்தாக்கா, ஆருகிட்டப் பேசறீங்க'ன்னு கேக்குது. எலிபன்ட்டுகிட்டன்னு சொன்னேன்.

ஆனா கண்ணு, யானையைப் பத்தி நானெதுக்கு ரோசனை பண்ணோணும்? ஊட்டுல இருக்கற பண்டபாத்திரத்தை வெச்சு எழுதிப்போடு. அதுதான் மனசுல நிக்கும்.

தலைத் தீவாளிக்கு ரெண்டு பேரும் முந்தின நாளே வந்துறோணும். கச்சாயப் பலகாரத்துக்கு அரிசி ஊறப்போடப் போறேன். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து வெச்சாச்சு. நம்ம தெருப் பொங்கியண்ணன் மக கிருபா தீவாளிக்கு வர மாட்டாளாம், பாவம். அவ புருசன் பொழுதோட குடிச்சுப்போட்டு வந்து ரோட்டுல நின்னு கத்தறானாம். அதைக் கேக்கறப்போ நம்ம மாப்பிள்ளை குடிக்கறதில்லை, பீடி இல்லை, உனக்கு என்ன கொறை? உன்னுது எவ்வளவோ மேலு.

வழி பாத்துட்டிருக்கும்
அம்மா


சிங்காநல்லூர்
8-11-94

அன்புள்ள அம்மாவுக்கு,

தீபாவளிக்கு வர முடியாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நீங்கள் கச்சாயம் சுட்டு வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததாகப் போஸ்ட் கார்டில் எழுதியிருந்தீர்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேட்டி சட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் கேட்டபடி இந்த வீட்டில் இருப்பதை வைத்தே மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறேன்.

தி லாக் இஸ் பிக்கர் தேன் மை ஹேண்ட்.
தி ஸ்டோர் ரூம் இஸ் ஸ்மாலர் தேன் அவர் கோட் ஷெட்.
தி டோர் இஸ் ஸ்ட்ராங்கர் தேன் மீ.

அம்மா, இவற்றை வெறும் சத்தமாகப் படிக்காதீர்கள். அர்த்தம் தெரிந்து படித்தால் நல்லது. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகப் பாருங்கள். உங்களால் முடியும்.

அன்பு


அன்னூர்
25-11-94

என் அன்புக்கு,

தீவாளிக்கு வராததுல எனக்கு வெசனந்தான், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஊர்ல ஆளாளுக்குக் கேக்கறாங்க, 'மக வரலீங்களா, மாப்பிள்ளை வரலீங்களா'ன்னு. சொல்லி மாள்ல. கச்சாயத்தைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் கொடுத்துப்போட்டேன். கம்பெனிக்காரன் ஒரு நாளு லீவு தர மாட்டானா? சரி, உத்தியோகம்னா அப்பிடித்தான்.

மூணு வாக்கியமும் நல்லா வருது. 'தி டோர் இஸ் ஸ்ட்ராங்கர் தேன் மீ'ன்னு ஆட்டுக்குத் தழை போடறப்போ சத்தமாச் சொன்னேன், கெடா என்னையே பாக்குது. அர்த்தம் அர்த்தம்ங்கறே, அர்த்தம் எதுக்கு கண்ணு? பரீட்சையில ஆரு அர்த்தம் கேக்கப்போறா? வாந்தி எடுக்கற மாதிரி அப்பிடியே எழுதிப்போட்டு வந்தா மார்க்கு போடறான். இந்த வயசுல எனக்கு அர்த்தமெல்லாம் ஏறாது சாமி.

கிருபா பொறந்த ஊட்டுக்கே வந்து உக்காந்துக்கிட்டா. புருசன் வேண்டாமாம். பொங்கியண்ணன் டீக்கடைப் பக்கமே போறதில்லை, தலை குனிஞ்சுக்கிட்டு காட்டுக்கும் ஊட்டுக்கும் நடக்கறாரு. ஊர்வாய் சும்மா இருக்குதா? பொண்ணுன்னா சித்தெ பொறுத்துப் போகோணும். அவளைப் பாக்கறப்பல்லாம் உன்னைக் கட்டிக் கொடுத்த எடம் எவ்வளவோ தேவலைன்னு நெனச்சுக்கறேன். நீயும் அப்பிடி நெனச்சுக்கோ. மனசு ஆறும்.

அடுத்து அந்த ரெண்டாவது வால் வெச்ச வாக்கியமா எழுதிப்போடு.

அம்மா


சிங்காநல்லூர்
9-12-94

அம்மாவுக்கு,

நலம். நீங்கள் சொன்னதை நினைத்துக்கொள்கிறேன். கிருபாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது வால்:

சண்டே இஸ் தி லாங்கஸ்ட் டே.
ஹிஸ் ஹேண்ட் இஸ் தி ஹார்டஸ்ட் திங் இன் திஸ் ஹவுஸ்.
மை மதர்ஸ் ஹவுஸ் இஸ் தி ஃபார்தஸ்ட் பிளேஸ் இன் தி வேர்ல்ட்.

கடைசி வாக்கியம் கொஞ்சம் நீளம். ஃபார்தஸ்ட் என்பது அடங்காத வார்த்தைகளில் ஒன்று. அதற்கு முதல் படி ஃபார். அத்தை இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, 'உங்கம்மா கெட்டிக்காரிதான், இத்தனையும் மனப்பாடம் பண்றாங்களே' என்று சொன்னார்கள்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

அன்பு


அன்னூர்
5-1-95

என் ராசாத்திக்கு,

பொங்கல் நோம்பிக்கு நீங்க வர்ற மாதிரி தெரியலை. அதனால நானே வாரேன். பொங்கல் சீரு பொறந்த ஊட்டுல இருந்து வராட்டி உன்னை அங்க ஆரு மதிப்பா? பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்கொத்து, உனக்கொரு சேலை, எல்லாம் சாக்குல கட்டி வெச்சாச்சு. பொங்கலன்னிக்குக் காலையில முதல் பஸ்.

இன்னொண்ணு. ஆறு வாக்கியமும் இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மாப்பிள்ளை டிப்ளமா படிச்சவரு, கம்பெனியில இங்கிலீஷ்லதான் எழுதறாருன்னு சொன்னியே. அவரு முன்னால நின்னு ஒப்பிச்சுக் காட்டப் போறேன். சத்துணவு ஆயா பொண்ணுன்னு உன்னைக் கொறைவா நெனைக்காம இருக்கட்டும். மாமியாளுக்கு வாயில்லைன்னு நெனச்சிருப்பாரு, பாக்கட்டும்!

அம்மா


சிங்காநல்லூர்
9-1-95

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் வருவது சந்தோஷம். ஆனால் பாடத்தை இங்கே ஒப்பிக்க வேண்டாம். உச்சரிப்பு இன்னும் சரியாகவில்லை. அவர் முன்னால் தப்பாகச் சொன்னால் உங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும். பரீட்சை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டாம் அம்மா. இந்த ஒன்றை மட்டும் எனக்காகக் கேளுங்கள். சத்தியமாகக் கேளுங்கள்.

அன்பு


அன்னூர்
20-1-95

கண்ணு அன்புக்கு,

ஒப்பிக்க வேண்டாம்னு நீ எழுதுன கடுதாசி பொங்கல் லீவுல சிக்கிக்கிட்டு நேத்துதான் வந்துது. நானு அன்னைக்கே எல்லாத்தையும் செஞ்சுபோட்டு வந்துட்டேன். என்ன பண்ண?

நீ அடுப்படியில இருந்தே, உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. 'மாப்ளே, நானும் இப்ப இங்கிலீஷ் படிக்கறனுங்க, உங்க ஊட்டம்மாதான் வாத்தியாரு'ன்னு சொன்னேன். 'அப்பிடீங்களா, எங்க சொல்லுங்க'ன்னு சிரிச்சாரு. எந்திரிச்சு நின்னு கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னேன். பூட்டு வாக்கியம் சொல்றப்போ சிரிச்சிட்டிருந்தாரு. மூணாவதுல பேப்பரை மடக்கி வெச்சுப்போட்டாரு. ஆறும் சொல்லி முடிக்கறப்போ மூஞ்சி செவந்துபோச்சு. எந்திரிச்சு உள்ள போனாரு. அப்பறம் நானு பொறப்படற வரைக்கும் வெளிய வரவே இல்லை. சம்மந்தியம்மாளும் முழிச்சாங்க.

நானு தப்பாச் சொல்லிப்போட்டனா கண்ணு? மாப்பிள்ளைக்குக் கோவம் வர்ற மாதிரி ஏதாவது ஆயிப்போச்சா? எனக்கு வெக்கமா இருக்குது. நீயும் ஏன் அப்பிடி எளச்சுப்போயிட்டே? புதுச் சேலையைக் கையில வாங்கறப்போ வளையலை மேல ஏத்திவிட்டு ஏத்திவிட்டு மறைச்சியே, அது என்ன?

ஒரு வரி எழுது.

அம்மா


சிங்காநல்லூர்
2-2-95

மரியாதைக்குரிய தாயார் அவர்களுக்கு,

தங்கள் மகள் எழுதுவது. நான் இங்கு கணவர் மற்றும் மாமியார் அவர்களின் ஆதரவில் மிகவும் சுகமாக இருந்து வருகிறேன். எனக்கு எந்தக் குறையும் இல்லை. குடும்ப வேலைகள் அதிகமாக இருப்பதால் இனி பாடம் எழுத இயலாது. தாங்கள் அடிக்கடி கடிதம் எழுதுவதையும் முன்னறிவிப்பின்றி இங்கு வருவதையும் தவிர்க்கவும். தாங்கள் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் தவறானவை. அவற்றை மறந்துவிடவும்.

இப்படிக்கு,
த. அன்புக்கரசி


அன்னூர்
19-2-95

என் சாமி, என் தங்கம்,

இதை உன் விலாசத்துக்குப் போடலை. பொங்கலன்னிக்கு உன் பக்கத்து ஊட்டு யாஸ்மின் பஸ் ஸ்டாப் வரைக்கும் எங்கூட வந்துச்சு. துண்டுக் காகிதத்துல அவங்க ஊட்டு விலாசத்தை எழுதி என் கையில திணிச்சு, 'அன்புக்கு ஏதாச்சும் சொல்லோணும்னா இதுக்கு எழுதுங்கம்மா, பின்னாடி பொடக்காலிச் சொவத்து மேல கொடுத்துருவேன்'னு சொல்லிச்சு. எதுக்கு இந்தப் புள்ளை இப்பிடிச் சொல்லுதுன்னு அப்ப வெளங்கலை.

'மரியாதைக்குரிய தாயார் அவர்களுக்கு' வந்ததுக்கப்பறம் வெளங்கிப்போச்சு. என் வயித்துல பொறந்தவ என்னைத் தாயார் அவர்கள்ன்னு எழுதுவாளா? ஆரோ சொல்லச் சொல்ல எழுதியிருக்கே. வாக்கியம் தப்பு, மறந்துருன்னா, அதுல என்ன இருந்துதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சு.

காந்திபுரம் போயி பிளாட்பாரத்துல பழைய டிக்‌ஷனரி ஒண்ணு வாங்கியாந்தேன். இங்கிலீஷ்ல தேடுனா தமிழ்ல அர்த்தம் போட்டிருக்கறது. மேல் வரியில நீ எழுதுன இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொண்ணாக் கூட்டிக்கூட்டித் தேடுனேன். பிக்கர்னு தேடுனேன், கெடைக்கலை. நீ சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்துது, வாலை வெட்டிப்போட்டுத் தேடுனேன், கெடச்சுது. ஆறு வாக்கியத்துக்கு மூணு நாளாச்சு. வேலைக்கும் போகலை.

பூட்டு என் கையை விடப் பெருசு. ஸ்டோர் ரூம் நம்ம ஆட்டுப்பட்டியை விடச் சின்னது. கதவு என்னை விடப் பலமானது. ஞாயித்துக்கிழமைதான் ரொம்ப நீளமான நாளு. இந்த ஊட்டுலயே ரொம்பக் கெட்டியானது அவரு கை. உலகத்துலயே ரொம்பத் தொலைவா இருக்கறது எங்கம்மா ஊடு.

அடியே அன்பு, என் வாயில நெருப்பை வெக்க! இதைத்தான் நானு அண்டா கழுவிக்கிட்டே பாட்டாட்டம் பாடுனனா? இதைத்தான் உன் புருசன் முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னு ஒப்பிச்சனா? அன்னிக்குப் பொழுதோட உன்னை என்ன பாடு படுத்துனானோ. என்னாலதானே? நீ அர்த்தம் பாருங்க அர்த்தம் பாருங்கன்னு எத்தனை தடவை எழுதுனே. எனக்கு மார்க்குதான் பெருசாத் தெரிஞ்சுது.

அதை விடப் பெரிய பாவம் ஒண்ணு பண்ணியிருக்கறேன். ஒவ்வொரு கடுதாசியிலும் கிருபாவை விட உன்னுது தேவலை, அவளை விட உன்னுது மேலுன்னு எழுதுனேன். ஒருத்தி கெணத்துக்குள்ள கெடக்கறப்போ மேல நின்னுக்கிட்டு, பக்கத்துக் கெணறு இதை விட ஆழம்னு சொல்றவளை என்னன்னு சொல்றது? என் அம்மா எனக்கு அப்பிடித்தான் சொன்னா. நானும் உங்கப்பாகிட்ட அப்பிடித்தான் காலத்தை ஓட்டுனேன். அதே புத்தியை உனக்கும் கொடுத்தேன்.

கெளம்பி வந்துரு கண்ணு. கட்டுன துணியோட வந்துரு. ஊரு என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும், சொல்லிக்கிட்டுப் போகட்டும். யாஸ்மின்கிட்டப் பதில் கொடு.

உன் அம்மா


3-3-95

அம்மா,

ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், வெளியே பூட்டு. யாஸ்மின் பொடக்காலிப் பக்கம் ஜன்னல் கம்பி வழியாகப் பேனா கொடுத்தாள்.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். கடிதத்தைப் படித்தபோது சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை. யாராவது ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்றும் இருந்தது, உங்களுக்குத் தெரியக்கூடாது என்றும் இருந்தது. அதனால்தான் அப்படி எழுதினேன். நீங்கள் ஒப்பித்தது உங்கள் தப்பில்லை. உங்கள் குரலில் அதைக் கேட்டபோது அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிவந்து உங்கள் வாயைப் பொத்தக் கால் வரவில்லை.

ஆனால் நான் வர முடியாது அம்மா. நான் வந்தால் பொங்கியண்ணனுக்கு ஆனது உங்களுக்கும் ஆகும். சத்துணவுக் கூடத்தில் உங்களைப் பேசவிட மாட்டார்கள். அமைப்பாளர் வேலைக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள், 'மகளை வாழ வைக்கத் தெரியாதவள்' என்று சொல்வார்கள். அவரும் சும்மா விட மாட்டார். எல்லா நாளும் அடிப்பதில்லை. போன வாரம் இரண்டு நாள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் கஷ்டம். சமாளித்துக்கொள்கிறேன். இதை விட மோசமான இடத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

நீங்கள் பரீட்சை எழுதுங்கள். ஏப்ரல் ஐந்தாம் தேதி இங்கிலீஷ். நீங்கள் பாஸானால் போதும், நான் ஒன்றும் வீணாகப் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு எதையும் பார்த்துக்கொள்ளலாம்.

பூட்டுச் சத்தம் கேட்கிறது.

அன்பு


5-4-95, சிங்காநல்லூர்
மத்தியானம் ரெண்டரை

அன்பு,

உங்க ஊட்டுக்கு எதுத்தாப்புல சீனிவாசலு மளிகைக் கடை இருக்குதல்ல, அங்க எண்ணெய் டின்னு மேல உக்காந்து எழுதறேன். காகிதம் கேட்டா அவரு பில்லு புக்குல கிழிச்சுக் கொடுத்தாரு. பெரிய மனுசன், எதுக்குன்னு கேக்கலை.

பரீட்சைக்குப் போனேன். நீ சொன்னதுக்காகத்தான் போனேன். பேப்பரை வாங்கிப் பாத்தேன். மூணாவது பக்கத்துல, சொந்தமா அஞ்சு ஒப்பீட்டு வாக்கியம் எழுதுன்னு கேட்டிருந்துது. அடக் கெரகமே, எனக்குத் தெரிஞ்ச வாக்கியம் எதுன்னு உனக்குத் தெரியுமல்ல? யானையை நெனச்சுப் பாத்தேன், வர மாட்டேங்குது. பேனாவைத் தொட்டா பூட்டுதான் வருது, கதவுதான் வருது, அவன் கைதான் வருது. எழுதுனா அஞ்சு மார்க்கு. நீ ஸ்டோர் ரூமுல அழுததுக்கு ஆரோ ஒரு வாத்தியாரு சிவப்பு மையில டிக் அடிச்சு அஞ்சு மார்க்குப் போடுவாரு. அதை வாங்கிக்கிட்டு நானு அமைப்பாளர் நாற்காலியில உக்காரோணும்.

எந்திரிச்சுட்டேன். சூப்பர்வைசரம்மா, 'அரை மணி நேரம் ஆகாம வெளிய போகக் கூடாதுங்க'ன்னு சொன்னாங்க. சரின்னு பேனாவை மூடி வெச்சுப்போட்டு அந்த அரை மணியும் சும்மா உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த பொண்ணு எழுதிக்கிட்டே என்னைப் பாத்துது. மணி அடிச்சதும் வெள்ளைப் பேப்பரைக் கொடுத்துப்போட்டு பஸ் ஏறுனேன். பரீட்சை அக்டோபர்ல மறுபடியும் வரும். அக்டோபர் வரைக்கும் நீ இருப்பியான்னு எனக்குத் தெரியலை. அந்தப் பயத்துலதான் வந்தேன்.

உங்க கேட்டுக்கு வந்து தட்டுனேன். சம்மந்தியம்மா ராசாத்தாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, 'அன்பு சொந்தக்காரங்க ஊட்டுக்கு ஒறம்பரை போயிருக்குதுங்க, ராத்தங்கித்தான் வரும்'னு கூசாம சொல்றாங்க. உள்ள நீ பாத்திரம் கழுவற சத்தம் எனக்குக் கேக்குது. பெத்தவளுக்கு மக கழுவற சத்தம் தெரியாதா? சரிங்க, அப்பறம் வாரேன்னு சொல்லிப்போட்டு வந்தேன். நானு பஸ்ஸுக்குப் போயிட்டேன்னு நெனச்சிருப்பாங்க.

இந்தக் காகிதத்தை யாஸ்மின் சொவத்து மேல நீட்டும், இப்ப கேட்டுக்கோ. நானு போகலை, போகவும் மாட்டேன். உங்க மாமியா மூணு மணிக்குக் கண்ணசருவாங்கன்னு யாஸ்மின் சொல்லுது. உன் புருசன் வர்றது நாலரைக்கு. மூணே காலுக்கு யாஸ்மின் அவங்க பக்கத்துச் சொவத்துக்கிட்ட ஸ்டூல் போட்டு வெக்கும். உன் பக்கம் தொவைக்கற கல்லு இருக்குதாம், ஏறுனா எட்டுமாம். யாஸ்மின் அம்மா, 'நம்ம ஊட்டு வழியாப் போகட்டும், கேக்கறவனுக்கு நானு பதில் சொல்லிக்கறேன்'னுட்டாங்க. பெட்டி வேண்டாம், நகை வேண்டாம், ஒண்ணும் எடுக்காதே.

அமைப்பாளர் வேலை, ஊர்வாய், பொங்கியண்ணன், இதையெல்லாம் இதுக்கு மேல எங்கிட்டச் சொல்லாதே. நேத்து பொங்கியண்ணன் ஊட்டுக்கே போயிருந்தேன். கிருபா உக்காந்து பாக்கெட் பாக்கெட்டா அப்பளம் கட்டிக்கிட்டு வாய் விட்டுச் சிரிச்சா. அவ சிரிப்பு எனக்கு மறந்தே போயிருந்துது. 'அன்பு வந்தாச் சொல்லுங்க'ன்னு சொன்னா.

நீ வர மாட்டேன்னு சொன்னா, நானு இந்த டின்னை விட்டு எந்திரிக்க மாட்டேன். நாலரைக்கு அவன் வருவான், அவன் முன்னால ரோட்டுல நின்னு கத்துவேன். இந்தத் தடவை அர்த்தத்தோட தமிழ்லயே கத்துவேன். உனக்கு அந்த மானக்கேடு வேண்டாம்னா, சொவத்தைத் தாண்டு சாமி.

அம்மா


அம்மா,

செருப்பு முன்வாசலில் கிடக்கிறது. எடுக்கப் போனால் அத்தை முழித்துக்கொள்வார்கள்.

செருப்பில்லாமல் வாரேன்.

அன்பு